சார், தண்ணி குடிக்கிறயா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். பாதியில் விட்டுவிட்டு 'அருமை சார்' என்று போட்டால் எனக்குத் தெரிந்துவிடும். 35 வருடம் உங்கள் நோட்டுகளைத் திருத்தியவன் நான்.

போன நவம்பரில், பாங்காக்கில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் ஒரு படம் அனுப்பினார். தாய்லாந்தில் சூரின் என்ற ஊரில் ஆண்டுதோறும் யானைத் திருவிழா நடக்கும். அங்கே யானையின் கழுத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கும் படம் அது. கீழே ஒரு கேள்வி: "சார், இவங்க பேசுற மொழி பேரு குய்யாம். திராவிட மொழிகள் பட்டியல்ல கூயின்னு ஒண்ணு நீங்க மனப்பாடம் பண்ண வெச்சீங்களே, அதுதானா இது? நம்ம சொந்தக்காரங்களா சார்?"

எத்தனை வருடம் கழித்து ஒரு மாணவன் பாடத்தை ஞாபகம் வைத்துக் கேட்கிறான்! சும்மா இருக்க முடியுமா? இரண்டு வாரம் படித்துவிட்டுத்தான் பதில் போட்டேன்.

சொந்தம் இல்லை. நான் பட்டியலில் எழுதிப்போட்ட கூயி, ஒடிசாவில் கந்தமால் பக்கம் கோந்தர் என்னும் மலைமக்கள் பேசுவது. அது நடுத் திராவிட மொழி. கால்டுவெல் ஐயரே தம் ஒப்பிலக்கணத்தில் அதற்கு இடம் கொடுத்திருக்கிறார். அது நம் தமிழுக்குப் பங்காளி. சூரின் பெரியவரின் குய் வேறு குடும்பம். கம்போடியாவின் கெமர், வியட்நாமிய மொழி, நம் நாட்டில் சந்தாலி, முண்டாரி, மேகாலயத்தின் காசி எல்லாம் சேர்ந்த ஆஸ்திரோ ஆசிய மொழிக் குடும்பத்தில் சேர்ந்தது அது. தாய்லாந்தில் சூரின், சிசாகெட், புரிராம், உபோன் ராட்சதானி வட்டாரங்களிலும், லாவோஸின் தெற்கிலும், கம்போடியாவின் வடக்கிலும் அந்த மக்கள் இருக்கிறார்கள். பெயர் காதுக்கு ஒன்றுபோல விழுந்தாலும் ஒருவருக்கொருவர் தொடர்பு கிடையாது.

பெயர்க் குழப்பம் நமக்குப் புதிதா? சாதிச் சான்றிதழில் 'மலையாளி' என்று பார்த்துவிட்டு, "கேரளாவா தம்பி?" என்று கேட்காத ஆள் உண்டா? மலையில் வாழ்வதால் மலையாளி, பேசுவது தமிழ் என்று விளக்கிச் சொல்லியே நம்மில் பாதிப் பேருக்கு வாய் வலித்திருக்கும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் நாம்தான் பெரிய கூட்டம், மூன்றரை லட்சத்துக்கு மேல். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் கிளம்பி வந்து, ஒருவர் சேர்வராயனிலும் ஒருவர் பச்சைமலையிலும் ஒருவர் கொல்லிமலையிலும் தங்கினார்கள் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். யார் எந்த மலை என்பது மட்டும் சொல்பவரைப் பொறுத்து மாறும்.

குய் மக்களைப் பற்றிப் படித்ததில் ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. குய் என்றால் அவர்கள் மொழியில் மனிதர் என்று பொருள். வட்டாரத்துக்கு வட்டாரம் உச்சரிப்பு மாறும். ஒரு பக்கத்தார் குய் என்பார்கள், இன்னொரு பக்கத்தார் குவய் என்பார்கள். இரண்டுக்கும் பொருள் மனிதர்தான். ஆனால் தாய்லாந்தில் மற்றவர்கள் அவர்களுக்கு வைத்த பெயர் ஸ்வாய். அதற்குத் திறை, அதாவது கப்பம் என்று பொருள் சொல்கிறார்கள். தன்னை மனிதன் என்று சொல்லிக்கொள்கிறவனை ஊரார் 'ஏய் கப்பம்' என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.

அந்த மொழியில் இன்னும் நுணுக்கங்கள் இருக்கின்றன. ஒரே எழுத்துகளைச் சாதாரணக் குரலில் சொன்னால் ஒரு பொருள், மூச்சுக் கலந்து சொன்னால் வேறு பொருள். யானை பிடிக்கக் காட்டுக்குள் போகும்போது மட்டும் பேசுவதற்கென்று தனிச் சொற்கள் வைத்திருந்தார்கள். இப்படிப்பட்ட மொழியை இன்றைய பிள்ளைகள் பேசத் தயங்குகிறார்கள், பெரியவர்கள் குய்யில் பேசினால் பள்ளி போகும் பிள்ளைகள் தாய் மொழியில் பதில் சொல்கிறார்கள் என்று படித்தேன்.

அதைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். எனக்கு ஒரு பித்தளைச் சொம்பு ஞாபகத்துக்கு வந்தது. அந்தக் கதையைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

நான் பிறந்தது 1958, அரியூர் நாட்டில். வெளியூரில் இருக்கும் மருமக்களுக்காகச் சொல்கிறேன்: கொல்லிமலை பதினான்கு நாடுகள் கொண்டது. வளவந்தி நாடு, வாழப்பூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு என்று போகும் வரிசையில் எங்களுடையது அரியூர் நாடு. ஊருக்கு ஊர்க்கவுண்டர், நாட்டுக்குப் பட்டக்காரர். ஒவ்வொரு நாட்டுக்கும் பேச்சில் ஓர் இழுவை உண்டு. சந்தையில் ஒருவர் வாயைத் திறந்தாலே எந்த நாட்டுக்காரர் என்று என் அப்பன் சொல்லிவிடுவார்.

எங்கள் வீட்டில் அப்பனையும் 'வா' என்றுதான் கூப்பிட்டோம். ஆயாவையும் 'நீ' என்றுதான் சொன்னோம். ஊர்க்கவுண்டர் வந்தாலும் "வா, உக்காரு" என்போம். 'ங்க' போட்டுப் பேசினால் மரியாதை என்பது எங்களுக்குத் தெரியாது. மரியாதை வேறு இடங்களில் இருந்தது. பெரியவர் வந்தால் எழுந்து நிற்பதில் இருந்தது. கேட்பதற்கு முன்பே தண்ணீர் மொண்டு கொடுப்பதில் இருந்தது.

ஆறாம் வகுப்புக்கு என்னைக் கீழ்நாட்டில் ஒரு விடுதியில் சேர்த்தார்கள். சேர்ந்த முதல் வாரம், விடுதிப் பொறுப்பாளரிடம் போய், "சார், நீ எப்ப ஊருக்குப் போவே?" என்று கேட்டேன். அவர் ஊருக்குப் போகும்போது என் வீட்டுக்குச் சேதி சொல்லி அனுப்பலாம் என்ற ஆசையில் கேட்டது. புளியங்குச்சியால் வாங்கினேன். விடுதியே சிரித்தது. அதற்குப் பிறகு என் பெயர் போய் 'மலை' என்பதே பெயராகிவிட்டது. ஆறே மாதத்தில் நான் சேலத்துக்காரன் மாதிரி பேசப் பழகிவிட்டேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து "வாங்கப்பா, சாப்பிடுங்கப்பா" என்றதும் அப்பன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அக்காவிடம், "இவன் எதுக்கு என்னை ஒரம்பரை மாதிரி கூப்பிடறான்?" என்றார்.

1981-ல் ஆசிரியர் வேலை கிடைத்தது. கொஞ்ச காலத்தில் மலைக்கே மாற்றலாகி வந்தேன். நம் பிள்ளைகள் கீழே போய் நான் பட்ட அவமானம் படக்கூடாது என்பதுதான் என் எண்ணம். அதனால் வகுப்பில் முதல் பாடமே 'ங்க'தான். நீங்கள் எல்லோரும் அனுபவித்திருக்கிறீர்கள். "வா இல்லை, வாங்க. போ இல்லை, போங்க." சொல்லாதவன் கை நீட்ட வேண்டும்.

1987-ல் ஒரு நாள் கீழேயிருந்து ஓர் அதிகாரி பள்ளிக்கு வந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் வந்த களைப்பில் மனிதர் முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். நாலாம் வகுப்புப் பையன் ஒருவன், ஒன்பது வயதிருக்கும், யாரும் சொல்லாமலே போய்ப் பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து அவர் முன்னால் நின்றான். "சார், தண்ணி குடிக்கிறயா?" என்றான்.

அதிகாரி கோபப்படவே இல்லை. கை நீட்டிச் சொம்பை வாங்கப்போனார். அதற்குள் நான் பையனை அறைந்துவிட்டேன்.

அவன் அழவில்லை. தண்ணீர் சிந்தாமல் சொம்பைக் கீழே வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். ஐந்தாம் வகுப்பு முடித்ததும் படிப்பை நிறுத்திவிட்டான். அந்த ஓர் அடியால்தான் நின்றான் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் காட்டு வேலை இருந்தது, காரணம் பல. ஆனால் அந்தப் பள்ளியில் 'தண்ணி குடிக்கிறயா' என்பதில் எவ்வளவு மரியாதை இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆசிரியர் நான்தான். கீழ்நாட்டு ஆசிரியர் அடித்திருந்தால் தெரியாமல் அடித்தார் எனலாம். நான் தெரிந்தே அடித்தேன். அதிகாரி என்னையும் 'மலை' என்று நினைத்துவிடுவாரோ என்ற பயத்தில் அடித்தேன்.

பிற்பாடு தமிழாசிரியராகி, தொல்காப்பியத்தை ஒழுங்காகப் படித்தபோது எனக்கு இன்னோர் அறை விழுந்தது. சொல்லதிகாரத்தில் தொல்காப்பியர் சொல்கிறார்: ஒருவரை உயர்த்துவதற்காகப் பன்மையில் சொல்வது வழக்கில் வந்தது, இலக்கண முறைப்படி அமைந்தது அல்ல என்று. சங்கப் புலவர்கள் அரசனுக்கு முன்னால் நின்று 'நீ' என்றுதான் பாடினார்கள். அவ்வையார் அதியமானை 'நீ' என்றார், அதியமான் கோபித்துக்கொள்ளவில்லை. நம் வல்வில் ஓரி இந்த மலையை ஆண்ட காலத்தில் அவனிடம் யாரும் "வாங்க ஓரி, உட்காருங்க" என்று சொல்லியிருக்க மாட்டார்கள். இன்றைக்கும் அறப்பளீசுவரர் கோயிலில் போய் நின்று, "அப்பனே, நீதான் காப்பாத்தணும்" என்றுதானே வேண்டுகிறோம்? சாமிக்குப் போதுமான மரியாதை ஒரு அதிகாரிக்குப் போதாதா?

ஆக, நான் பிழை என்று அடித்துத் திருத்தியது பிழை அல்ல. 'ங்க' சேர்த்துப் பேசுவதும் நல்ல வழக்கம்தான், கீழ்நாட்டில் வேலைக்குப் போகிறவனுக்கு அது வேண்டும். அதைக் கற்றுக்கொடுத்ததற்கு நான் வருந்தவில்லை. "வீட்டில் இப்படிப் பேசு, வெளியில் அப்படிப் பேசு, இரண்டும் தமிழ்" என்று சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். உள்ளதைப் பிடுங்கிவிட்டு இன்னொன்றை நட்டேன். அதற்குத்தான் வருந்துகிறேன்.

வேடிக்கை என்னவென்றால், நான் விடுதியில் 'மலை' என்று பேர் வாங்கிக்கொண்டிருந்த அதே 1971-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஒரு புத்தகம் வெளியிட்டது. கொல்லிமலைத் தமிழ் வழக்கைப் பற்றி மொழியியல் பேராசிரியர் கருணாகரன் ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வு அது. நம் பேச்சுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு, அதை உட்கார்ந்து ஆராயலாம் என்று ஒருவர் நினைத்திருக்கிறார். அப்படி ஒரு புத்தகம் இருப்பதே ஓய்வு பெறும் காலத்தில்தான் எனக்குத் தெரிந்தது, அதுவும் மொழியியல் படித்த ஒரு மாணவி சொல்லி.

இன்னொரு மாணவியிடமும் நான் கடன்பட்டிருக்கிறேன். 'எங்கள் காடு' என்று கட்டுரை எழுதச் சொன்னபோது, வீட்டில் விதைப்பதையெல்லாம் பெயர் பெயராக எழுதியிருந்தாள். மூக்காந்தினை, கோரந்தினை, பாலந்தினை என்று. நான் மூன்றையும் சிவப்பு மையால் அடித்து, மேலே 'தினை' என்று ஒரே சொல் எழுதினேன். 'கொச்சை தவிர்க்க' என்று குறிப்பு வேறு.

போன தை மாதம் என் அக்காவிடம் உட்கார்ந்து கேட்டேன். அவளுக்கு எண்பது நெருங்குகிறது. சாமையில் எத்தனை வகை என்றேன். விரல் மடக்கிக்கொண்டே சொன்னாள்: கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திரிகுலாச் சாமை, சடஞ்சாமை, வெள்ளப்பெருஞ்சாமை, கரும்பெருஞ்சாமை. கேழ்வரகுக்குக் கேட்டேன். சுண்டாங்கி, சாட்டை, கருங்கேழ்வரகு, பெருங்கேழ்வரகு, அரிசிக்கேழ்வரகு. அப்புறம் பனிவரகு, திரிவரகு. எது மேட்டுக்காட்டுக்கு, எது மழை தப்பினாலும் தாங்கும், எது களிக்கு நன்றாக வரும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பேச்சு இருந்தது. நான் தமிழில் பட்டம் வாங்கியவன். என் வாயில் இருந்தது 'சாமை' என்ற ஒரு சொல்தான்.

பெயரை மறந்தவன் விதையை எப்படிக் கேட்டு வாங்குவான்? "சாமை விதை கொடு" என்றால் எந்தச் சாமை? ஜவ்வரிசி ஆலைகளுக்காகக் குச்சிக்கிழங்கு மலையேறி வந்த பிறகு சாமைக்காடும் தினைக்காடும் சுருங்கிப்போனது உங்களுக்குத் தெரியும். காசு வந்தது, குறை சொல்ல மாட்டேன், உங்களில் பலருக்குக் கல்லூரிக் கட்டணம் அந்தக் கிழங்கிலிருந்துதான் வந்தது. ஆனால் காட்டிலிருந்து பயிர் போகும்போது வாயிலிருந்து பெயரும் சேர்ந்து போகிறது. 1990களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இங்கே வந்து, நம் கிழவிகளைக் கேட்டுத்தான் இந்த வகைகளையெல்லாம் பெயரோடு எழுதிக்கொண்டார்கள். விதை வங்கி வைக்க உதவினார்கள். நான் சிவப்பு மையில் அடித்த சொற்களை அவர்கள் ஆராய்ச்சிக் குறிப்பில் எழுதினார்கள்.

அக்காவிடம் ஒன்று கவனித்தேன். அன்று முழுக்க அவள் என்னை "நீ வா", "நீ தின்னு" என்றே பேசினாள். என் மனைவி 'ங்க' போடுவாள். பிள்ளைகளும் மருமகளும் 'ங்க' போடுவார்கள். நீங்கள் அத்தனை பேரும் 'ங்க சார்' போடுவீர்கள். என்னை 'நீ' என்று கூப்பிட இந்த உலகத்தில் மிச்சமிருப்பது அக்கா ஒருத்திதான். அவளும் போய்விட்டால் நான் எல்லோருக்கும் ஒரம்பரையாகிவிடுவேன்.

இந்த ஆடிப் பதினெட்டுக்கு ஓரி விழா பார்க்கச் செம்மேடு போயிருந்தேன். கூட்டத்தில் ஒருவர் வந்து வணங்கினார். "நல்லா இருக்கீங்களா சார்? என்னைத் தெரியுதுங்களா?" என்றார். தெரியாமல் என்ன? அந்தச் சொம்புக்காரர். தலை நரைத்துவிட்டது. மிளகும் காப்பியும் வைத்திருக்கிறார், மகள் செவிலியர் படிப்பு படிக்கிறாள். ஓரமாக நிழலில் என்னை உட்காரவைத்துவிட்டு, பையிலிருந்து பாட்டிலை எடுத்து, "தண்ணி குடிக்கிறீங்களா சார்?" என்று கேட்டார்.

ஏறக்குறைய 40 வருடம். அதே கேள்வி, நான் கற்றுக்கொடுத்த மரியாதையோடு.

நான் அந்த நாளைச் சொல்லி, "அன்னைக்கு உன்னை அடிச்சது தப்பு. என்னை மன்னிச்சிரு" என்றேன். அவர் பதறிப்போய், "அதெல்லாம் எதுக்குங்க சார், நீங்க நல்லதுக்குத்தானே அடிச்சீங்க" என்றார். "சரி, அப்ப அன்னைக்குக் கேட்ட மாதிரி இப்ப ஒரு தடவை கேளு" என்றேன். சிரித்தார். வாயைத் திறந்தார். மறுபடி சிரித்தார். "வாய் வரலைங்க சார்" என்றார்.

பக்கத்தில் நின்ற அவருடைய அம்மாதான், "ஏன்டா, சார் தாகத்துல கேக்கறாரு, குடுக்காம என்ன பேச்சு?" என்று பாட்டிலைப் பிடுங்கி என்னிடம் நீட்டியது. "இந்தா சார், நீ குடி" என்றது.

குடித்தேன்.

பாங்காக் தம்பிக்கு நான் கடைசியாக எழுதிய பதில் இதுதான்: அந்தப் பெரியவர் நமக்கு மொழியில் சொந்தம் இல்லை, ஆனால் அவருடைய பேரன் படும் பாடு நமக்குச் சொந்தம்.

இனி உங்களுக்கு வீட்டுப்பாடம். எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, உங்கள் வீட்டில் 70 வயதைத் தாண்டிய ஆள் இருந்தால், போனில் குரல் பதிவைப் போட்டுவிட்டு, விதைகளின் பெயரை, கிழங்குகளின் பெயரை, மரங்களின் பெயரைக் கேட்டுப் பதிந்து வையுங்கள். எந்த நாடு, எந்த ஊர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், இழுவை நாட்டுக்கு நாடு மாறும். எனக்கு அனுப்பினால் ஒரு நோட்டில் எழுதித் தொகுக்கிறேன். இரண்டு, உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள், பிள்ளை வீட்டுச் சொல்லை எழுதினால் அதை அடிக்காதீர்கள். பக்கத்தில் புத்தகச் சொல்லை எழுதுங்கள், இரண்டும் இருக்கட்டும். மூன்று, உங்கள் பிள்ளை தாத்தாவை 'வா' என்று கூப்பிட்டால் திருத்தாதீர்கள். தாத்தா முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

என் கையால் அடி வாங்கிய எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை என்னைச் சந்தையிலோ பஸ்ஸிலோ பார்த்தால், "வா சார், நல்லா இருக்கியா?" என்று கேளுங்கள். நிச்சயம் அடிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் தமிழய்யா,
அரியூர் நாடு.